சுவிட்சைப் போட்டால் பன்னிரண்டு நிமிடம்! – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே புலம்பல். கம்ப்யூட்டர் எழுந்திருக்க நேரமாகிறது, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, அதைத் தூக்கிப் போடலாமா? ‘ஆன்டிவைரஸை எடுத்தால் சிஸ்டம் பறக்கும்’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல, காரைக்குடியில் என் கடைக்கு வருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். பறக்கும், சரி. எங்கே போய் விழும் என்பதுதான் கேள்வி. அதனால் இந்த முறை பிரின்டர் மை, பாஸ்வேர்டு மறந்த கதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டிலேயே பலகாரம் போட்டு வெளியூர், வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். ஆர்டர், பில் எல்லாம் ஒரே லேப்டாப்பில்தான். வாங்கி ஐந்து வருஷம், விண்டோஸ் 11. காலையில் பட்டனை அழுத்தினால் பில் போடுகிற திரை வர பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. தங்கச்சி மகன் ‘ஆன்டிவைரஸ்தான் காரணம், எடுத்துவிடலாம் பெரியம்மா’ என்கிறான். எடுக்கலாமா?
– வாசகி, தேவகோட்டை

பன்னிரண்டு நிமிடம் என்றால் எண்ணெய் காய்ந்து முதல் ஈடு தேன்குழலே எடுத்துவிடலாமே ஆச்சி! ஆனால் எதையும் எடுப்பதற்கு முன்னால், அந்தப் பன்னிரண்டு நிமிடம் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு மூன்று இடத்தில் நேரத்தைக் குறியுங்கள். பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் சின்னம் வரும்வரை ஒன்று, சின்னத்திலிருந்து பாஸ்வேர்டு கேட்கும்வரை இரண்டு, பாஸ்வேர்டு போட்டதிலிருந்து பில் திரை திறக்கும்வரை மூன்று. முதல் துண்டு நீளமென்றால் குற்றம் விண்டோஸுடையதே இல்லை, அதற்கு முன்னால் மதர்போர்டிலிருந்து எழும் பயாஸ் என்ற அடிப்படை நிரலின் சங்கதி. நடுத்துண்டு நீளமென்றால் டிரைவர் (கருவிகளை ஓட்டும் நிரல்), சர்வீஸ் (திரைக்குப் பின்னால் ஓடும் நிரல்). கடைசித் துண்டு நீளமென்றால்தான் உங்கள் தங்கச்சி மகன் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

உங்களை ஃபோனில் பிடித்து இதைச் செய்யச் சொன்னேன். கணக்கு வந்தது: முதல் துண்டு 14 விநாடி, இரண்டாவது ஒன்றரை நிமிடம், மீதி முழுக்க மூன்றாவது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினீர்கள். ஓரத்தில் மாவுக் கைரேகையோடு வந்த அந்தப் படத்தில் இரண்டு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம், சிவந்து கிடக்கிறது. அதற்குக் கீழே ஒன்றல்ல, இரண்டு ஆன்டிவைரஸ். ஒன்று லேப்டாப் வாங்கும்போதே உள்ளே இருந்த இலவசப் பதிப்பு, அதன் காலம் முடிந்து வருஷக்கணக்காகிறது. அது இப்போது உருப்படியாகக் காவல் காக்கவில்லை, ஆனாலும் வாசலை விட்டு நகராமல், தினமும் காலையில் எழுந்து ‘பணம் கட்டுங்கள்’ என்று நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்று பிற்பாடு காசு கொடுத்துப் போட்டது.

ஒரு வாசலில் இரண்டு காவல்காரர்களை நிறுத்தினால் என்ன ஆகும்? வருகிறவரை ஒருவர் சோதிப்பார், சோதித்த கையை மற்றவர் பிடித்துச் சோதிப்பார். ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டு பேரும் படிக்கிறார்கள், ஒருவர் படிப்பதை மற்றவர் சந்தேகப்படுகிறார். விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு இந்த நாகரிகம் உண்டு, வேறொரு ஆன்டிவைரஸ் வந்தால் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அதை எடுத்தால் தானாகத் திரும்பி வரும். வெளியிலிருந்து வந்த இரண்டும் அப்படி ஒதுங்கும் என்று நம்ப முடியாது.

ஆக, காலம் முடிந்ததை எடுத்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் செய்தால் மட்டும் சில சமயம் முழுசாகப் போகாது, வேரை விட்டுவிட்டுப் போகும். அந்தந்த நிறுவனமே தன் பொருளைத் துடைத்தெடுக்க ஒரு கருவி கொடுத்திருக்கும், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். (தேடினால் முதலில் வந்து நிற்கிற விளம்பரத்தை அழுத்தினால், ஒன்றை எடுக்கப் போய் மூன்றை வாங்கி வருவீர்கள்.) அப்புறம் ரீஸ்டார்ட்.

அடுத்தது அந்தக் காசு கொடுத்ததின் அட்டவணை. அதைத் திறந்து பார்க்கச் சொன்னதில் முழுச் சோதனை தினமும் இரவு 2 மணிக்கு என்று வைத்திருக்கிறார்கள். இரவு 2 மணிக்கு உங்கள் லேப்டாப் மூடித்தானே இருக்கும்? கூடவே ‘தவறிய சோதனையை அடுத்த முறை திறந்ததும் செய்’ என்ற பெட்டியில் டிக். அதுதான் உங்கள் பத்து நிமிடம். ராத்திரி வேலையைக் காலையில் அடுப்பு பற்றவைக்கிற நேரத்தில் செய்துகொண்டிருக்கிறது, பாவம். வாரம் ஒரு நாள், மத்தியானம் நீங்கள் சாப்பிட்டு அசருகிற நேரம், இரண்டு மணி என்று மாற்றுங்கள். தினமும் விரைவுச் சோதனை போதும்.

ஸ்டார்ட்அப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே தாக்கம் அதிகம், நடுத்தரம், குறைவு என்று இருக்கும். அது குத்துமதிப்பில்லை. தொடக்கத்தில் ப்ராசஸர் நேரம் ஒரு விநாடிக்கு மேல், அல்லது டிஸ்கில் 3 எம்பிக்கு மேல் எடுத்தால்தான் ‘அதிகம்’ என்று போடும். வீடியோ கால் நிரல், பாட்டு நிரல், பிரின்டர் கம்பெனியின் விளம்பரப்பெட்டி, இதையெல்லாம் தயங்காமல் டிஸேபிள் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: ஆன்டிவைரஸின் உண்மையான வேலைக்காரன் இந்தப் பட்டியலில் வரமாட்டான், அவன் சர்வீஸாக ஓடுகிறவன். இங்கே தெரிவது கடிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அவன் சின்னம் மட்டும். சின்னத்தை நிறுத்திவிட்டு ஆன்டிவைரஸையே நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுகிற மெதுவு உங்கள் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கினுடையது. அதற்கு எஸ்எஸ்டி என்கிற சுழலாத டிஸ்க் ஒன்றுதான் மருந்து.

கேள்வி: தினமும் ஷட் டவுன் செய்துதான் மூடுகிறேன், மறுநாள் சீக்கிரம் வந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் ரொம்ப நேரம். தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?
– வாசகர், கோட்டையூர்

இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் நிரல்களை மூடிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை மட்டும் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். மறுநாள் அதைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் முழுக் குளியல். அதனால் ஆன்டிவைரஸை மாற்றிய பிறகு, டிரைவர் போட்ட பிறகு, ‘நான் மூடித் திறந்தேனே சார்’ என்று சொல்லாதீர்கள், ரீஸ்டார்ட் கொடுங்கள். நேரத்தை அளப்பதும் ரீஸ்டார்ட்டில் அளந்தால்தான் கணக்கு நிற்கும்.

கேள்வி: இணையச் சேவைக் கடை வைத்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கே வாசலில் பத்துப் பேர். கம்ப்யூட்டர் வந்துவிடுகிறது, ஆனால் கைரேகைக் கருவியின் ஆர்டி சர்வீஸ் ‘தயாராக இல்லை’ என்றே ஐந்து நிமிடம் காட்டுகிறது. பாட்டிமார்கள் விரலை வைத்து வைத்து எடுக்கிறார்கள். சில நாள் முழுக்க வராமலே போகிறது.
– வாசகர், புதுவயல்

அண்ணே, உங்கள் கருவி மெதுவாக எழவில்லை, எழுந்து நின்று யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆதார் கைரேகைக்கு உள்ள பதிவு பெற்ற கருவிகள் எல்லாம், அவற்றை ஓட்டும் ஆர்டி சர்வீஸ் என்ற நிரல் மூலம், தங்கள் கம்பெனி சர்வரோடு பேசி, ‘நான்தான், என் சாவி இதுதான்’ என்று உறுதி செய்துகொண்டுதான் வேலைக்கு இறங்கும். இன்டர்நெட் வராமல் அது அசையாது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ரூட்டர் முகப்பில், கம்ப்யூட்டர் வளவைத் தாண்டி இரண்டாங்கட்டு அறையில். நம் ஊர்ப் பழைய வீட்டுச் சுவரின் கனம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை செங்கலையும் சுண்ணாம்பையும் தாண்டி வைஃபை தட்டுத்தடுமாறி வந்து சேர்வதற்குள் ஆர்டி சர்வீஸ் இரண்டு முறை முயன்று ஓய்ந்திருக்கும். ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுங்கள். சுவரைத் துளைக்க வேண்டாம், வளவின் ஓட்டுச் சாய்ப்பை ஒட்டியே கொண்டுபோகலாம்.

‘சில நாள் வராமலே போகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்தியது. அந்த மாதிரி நாளில் திரையின் ஓரத்தில் தேதி என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொன்னேன். மறுநாளே படம் வந்தது: 2019 ஜனவரி 1!

பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. கம்ப்யூட்டரின் கடிகாரம் 2019 என்று சொன்னால், போன வருஷம் வழங்கிய சான்றிதழ் அதற்கு ‘இன்னும் பிறக்காதது’. அதனால் சர்வரை நம்பாது. ஆர்டி சர்வீஸ் நிற்கும், ஆன்டிவைரஸ் அப்டேட் நிற்கும், வங்கித் தளம் ‘பாதுகாப்பற்றது’ என்று மிரட்டும், எல்லாம் ஒரே நாளில். காரணம் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி, சிஆர்2032 என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். அது செத்துவிட்டால், ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற கடைகளில் கடிகாரம் பழைய நாளுக்கே ஓடிவிடும். சுவிட்சை அணைக்காத நாள் சரியாக இருக்கும். உங்களுக்குச் ‘சில நாள்’ மட்டும் வந்த மர்மம் இதுதான். கடிகாரக் கடையிலேயே அந்த பேட்டரி கிடைக்கும். மாற்றியதும் பயாஸில் போய்த் தேதியை வையுங்கள், கூடவே விண்டோஸில் நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுக்கும்படி வையுங்கள்.

இன்னொரு வார்த்தை. யாரோ உங்களிடம் சர்வீஸ்களை எல்லாம் ‘டிலேய்டு ஸ்டார்ட்’ ஆக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் ஆள் பார்த்துச் செய்ய வேண்டும். அப்படிப் போட்டால் மற்ற சர்வீஸ்கள் எழுந்த பிறகு சுமார் இரண்டு நிமிடம் கழித்துத்தான் அது எழும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் மென்பொருள், பிரின்டர் அப்டேட்டர் போன்றவற்றுக்குப் போடுங்கள். வாசலில் ஆள் நிற்கிற கைரேகைக்குப் போட்டால் நீங்களே இரண்டு நிமிடம் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன், ஃபெடோரா லினக்ஸ். பூட் (கம்ப்யூட்டர் எழுவது) வேகமாகும் என்று செலினக்ஸை ‘டிஸேபிள்டு’ ஆக்கினேன். ஒரு மாசம் கழித்து பிராஜெக்டுக்குத் தேவைப்பட்டதால் திரும்ப ஆன் செய்தேன். அன்றிலிருந்து பூட் ஆகும்போது ஏதோ எச்சரிக்கை வந்து நட்சத்திரமும் எண்ணும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பொறுக்க முடியாமல் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடுகிறேன். தினமும் இதே கதை.
– மாணவர், காரைக்குடி

தம்பி, தினமும் இதே கதையாக இருப்பதற்குக் காரணம் நீங்கள் பட்டனை அழுத்துவதுதான்!

செலினக்ஸ் லினக்ஸுக்கான ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2000-ஆம் ஆண்டுக் கடைசியில் வெளியிட்ட சரக்கு. அதன் வேலை ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சீட்டு ஒட்டுவது. இது வெப் சர்வர் படிக்கலாம், இது பாஸ்வேர்டு ஃபைல், யாரும் தொடக்கூடாது என்று. நம் வீட்டுக் கல்யாணத்தில் பண்டகசாலைப் பாத்திரங்களில் விலாசம் வெட்டியிருக்குமே, அந்த மாதிரி. நீங்கள் ஒரு மாசம் அதை முழுசாக அணைத்து வைத்திருந்தீர்கள். அந்த ஒரு மாசத்தில் பிறந்த ஃபைல் ஒன்றுக்கும் சீட்டு இல்லை. திரும்ப ஆன் செய்ததும் அது, ‘எது யாருடையது என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் எடுத்து வைத்து முதலிலிருந்து ஒட்டுகிறேன்’ என்று உட்கார்ந்துவிட்டது. டிஸ்கில் எத்தனை லட்சம் ஃபைல் இருக்கிறதோ அத்தனையும். முழுசாக முடித்தால்தான் ‘ஒட்டியாயிற்று’ என்று குறித்துக்கொண்டு தானே ரீஸ்டார்ட் ஆகும். பாதியில் கொன்றால் அந்தக் குறிப்பு எழுதப்படாது, மறுநாள் அ-விலிருந்து ஆரம்பம்.

இன்று ராத்திரி சார்ஜரைச் செருகி, ஆன் செய்து, மூடாமல் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் லாகின் திரை நிற்கும். அத்தோடு முடிந்தது.

இனிமேல் செலினக்ஸ் எதையாவது தடுப்பதாகச் சந்தேகம் வந்தால் ‘டிஸேபிள்டு’ பக்கம் போகாதீர்கள், ‘பெர்மிஸிவ்’ போடுங்கள். அந்த நிலையில் அது தடுக்காது, ஆனால் சீட்டு ஒட்டுவதை நிறுத்தாது, எதைத் தடுத்திருப்பேன் என்று பதிவேட்டிலும் எழுதி வைக்கும். படிக்கிற பையனுக்கு அந்தப் பதிவேடு ஒரு வாத்தியார்.

உபுன்டு வைத்திருக்கும் உங்கள் அறைத்தோழருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதில் செலினக்ஸுக்குப் பதில் ஆப்ஆர்மர். பூட் ஆகும்போது அது தன் விதிகளைத் தொகுத்து ஏற்றும், தொகுத்ததைச் சேமித்தும் வைத்துக்கொள்ளும். கெர்னல் மாறினாலோ விதி ஃபைல் புதிதாக வந்தாலோ திரும்பத் தொகுக்க வேண்டியிருக்கும். ஆகவே அப்டேட்டுக்குப் பிறகு முதல் பூட் ஒன்று மட்டும் மெதுவாக இருந்தால் அது நோய் இல்லை. தினமும் அப்படி என்றால்தான் அந்தச் சேமிப்பு எழுதப்படுகிறதா, டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

லினக்ஸ்காரர்கள் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு: ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ கட்டளையைத் தட்டிவிட்டு (டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், சிரிக்காதீர்கள்) மேலே நிற்கிற பெயரைத் தூக்கில் போடுவது. அந்தப் பட்டியல் யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று சொல்லும், யாருக்காக யார் காத்திருந்தார் என்று சொல்லாது. ஒரே நேரத்தில் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள், அதில் இருபது விநாடி எடுத்தவர் யாரையும் மறிக்காமல் ஓரமாக நின்றே வேலையை முடித்திருக்கலாம். ‘கிரிட்டிகல்-செயின்’ என்று அதே கட்டளையோடு சேர்த்துத் தட்டினால் சங்கிலி தெரியும். பல சமயம் ‘ஆப்ஆர்மர்’ என்று திட்டப்படுகிற இடத்தில், நெட்வொர்க் வரட்டும் என்று காத்திருக்கும் வேறொரு சர்வீஸ்தான் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். மகன் தன் புது டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, டிஸ்க் முழுவதையும் லக்ஸ் என்கிறார்களே, அந்தப் பூட்டால் பூட்டி, அந்த எஸ்எஸ்டியை என் பழைய லேப்டாப்பில் பொருத்திக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். பாஸ்வேர்டு போட்ட பிறகு பத்து விநாடிக்கு மேல் அசைவே இல்லை. டிஸ்க் கெட்டுப்போய்விட்டதா?
– வாசகர், கானாடுகாத்தான்

டிஸ்குக்கு ஒன்றுமில்லை ஐயா. இந்தக் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் இந்த மாதம் வந்ததிலேயே இதுதான் அழகான கேள்வி. மற்றவர்களுக்குத் தாமதம் ஒரு விபத்து, உங்களுக்கு அது வேண்டுமென்றே வைத்தது.

நீங்கள் தட்டுகிற பாஸ்வேர்டை வைத்து நேரடியாகப் பூட்டைத் திறப்பதில்லை. அதைப் பல முறை அரைத்து, நினைவகத்தையும் நிறைய சாப்பிடவிட்டு, அதிலிருந்து வருவதைத்தான் சாவியாக எடுக்கிறது. ஏன் இந்தப் பாடு? திருடன் ஒருவன் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போய்க் கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்ப்பான். ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு விநாடி என்றால் அவன் ஆயுள் போதாது. உங்களுக்கோ ஒரு நாளைக்கு ஒரு தடவை இரண்டு விநாடி, அவ்வளவுதான். ‘இரண்டு விநாடி ஆகும்படி அரை’ என்பதுதான் வழக்கமான அளவு. ஆனால் அந்த இரண்டு விநாடி எந்த இயந்திரத்தில் அளந்தது? மகனுடைய புது டெஸ்க்டாப்பில். அத்தனை அரைப்பையும் உங்கள் பழைய லேப்டாப் செய்ய வேண்டியிருப்பதால் பத்து விநாடி. மிக்ஸிக்குச் சொன்ன அளவை அம்மியில் அரைக்கிற மாதிரி.

சகித்துக்கொள்ள முடிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அது பலமான பூட்டு. முடியாதென்றால், உங்கள் லேப்டாப்பிலேயே உட்கார்ந்து ‘கிரிப்ட்செட்டப்’ கருவியால் பாஸ்வேர்டை மாற்றினால், அது இந்த இயந்திரத்தின் வேகத்தை அளந்து புதுக் கணக்குப் போட்டுக்கொள்ளும். அதற்கு முன்னால் பூட்டின் விவரங்கள் இருக்கும் பகுதியான லக்ஸ் ஹெடரை ஒரு பென்டிரைவில் கட்டாயம் நகலெடுத்து வையுங்கள். ஹெடர் போனால் பாஸ்வேர்டு தெரிந்தும் பயனில்லை. மகன் பொங்கலுக்கு வரும்போது கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், தனியாக வேண்டாம்.

கேள்வி: ஆடிட்டர் அலுவலகம். பயாஸ் அப்டேட் செய்த நாளிலிருந்து ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்கிறது. தட்டி முடிக்கவே ஐந்து நிமிடம்.
– வாசகி, காரைக்குடி

சாவி கையில் இருக்கிறதே, புண்ணியம். பலர் அது இல்லாமல் வருகிறார்கள், அவர்களிடம் சொல்ல என்னிடம் வார்த்தை கிடையாது.

பிட்லாக்கர் தன் சாவியை, கம்ப்யூட்டருக்குள் சாவிகளைக் காக்கும் டிபிஎம் என்ற சில்லிடம் கொடுத்து வைத்திருக்கும். ‘பூட் ஆகும்போது எல்லாம் முன்பு பார்த்தது போலவே இருந்தால் மட்டும் கொடு’ என்பது உடன்படிக்கை. பயாஸ் மாறியதும் சில்லுக்கு முகம் தெரியவில்லை. விண்டோஸுக்குள் போய், கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரை ‘சஸ்பெண்ட்’ செய்து, பிறகு ‘ரெஸ்யூம்’ கொடுங்கள். புது முகத்தைப் பதிந்துகொள்ளும். ‘டர்ன் ஆஃப்’ கொடுத்துவிடாதீர்கள், அது மொத்த டிஸ்கையும் திறந்து எழுத ஆரம்பித்துவிடும். அடுத்த முறை பயாஸ் அப்டேட்டுக்கு முன்பே சஸ்பெண்ட் செய்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் படிப்பகத்தில் பழைய சிறு கம்ப்யூட்டர் ஒன்றை டெபியன் 10 லினக்ஸ் போட்டு சர்வராக வைத்திருக்கிறோம். கீபோர்டு, மானிட்டர் கிடையாது. கரண்ட் போய் வந்தால் எழுந்திருக்க ஐந்து, பத்து நிமிடம் ஆகிறது. என்னவென்று பார்க்கக் கீபோர்டைச் செருகி நாலு தட்டுத் தட்டினால் உடனே எழுந்துவிடுகிறது! பேயா?
– வாசகர், பள்ளத்தூர்

பேய் இல்லை, பசி. பாதுகாப்பான ரகசிய எண்களை உருவாக்க லினக்ஸுக்கு ஊகிக்க முடியாத சலனம் வேண்டும். மனிதன் எப்போது எந்த விசையைத் தட்டுவான் என்பதும் அதற்கு ஒரு தீனி. கீபோர்டும் மௌஸும் இல்லாமல் தனியறையில் கிடக்கும் பெட்டிக்கு அந்தத் தீனி சொட்டுச் சொட்டாகத்தான் கிடைக்கும். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் போன்ற சர்வீஸ்கள் ‘போதுமான அளவு சேரட்டும்’ என்று காத்திருக்கும். நீங்கள் தட்டிய நாலு தட்டு அதற்குச் சாப்பாடு. ‘டிமெசேஜ்’ பதிவில் ‘சிஆர்என்ஜி இனிட் டன்’ என்ற வரிக்குப் பக்கத்தில் எத்தனை விநாடி என்று பாருங்கள், அங்கேதான் உங்கள் பத்து நிமிடம் இருக்கும்.

டெபியன் 10-இல் வருவது 4.19 கெர்னல். 2019 கடைசியில் வந்த 5.4 கெர்னலிலிருந்து ப்ராசஸரின் சொந்த நேரத் தடுமாற்றத்தையே தீனியாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்துவிட்டது. புது டெபியனுக்கு மாறுங்கள், டெபியன் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட்டும் நின்றுவிட்டது. மாறும்வரை ‘ஹேவ்ஜ்ட்’ என்ற சிறு நிரலைப் போட்டு வைத்தால் கீபோர்டு இல்லாமலே எழும்.

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை. டிஸைன் ஃபைல்கள் இருக்கிற டிரைவ் முழுவதையும் டிஃபெண்டர் பார்க்கக் கூடாது என்று விலக்கிவிடலாமா? இல்லை, டிஃபெண்டரையே நிறுத்திவிடலாமா?
– வாசகர், ஆத்தங்குடி

இரண்டாவதற்கு முதலில் பதில்: நிறுத்தினாலும் நிற்காது. ரியல்-டைம் பாதுகாப்பை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் தானே ஆன் ஆகிவிடும். ‘டாம்பர் ப்ரொடெக்‌ஷன்’ என்று ஒன்று அதற்குக் காவல் இருக்கிறது. அதையும் ஏமாற்றி நிறுத்திய ஒரு கடையை எனக்குத் தெரியும். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர்களுடைய பில் ஃபைல் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத ஆறெழுத்து வால் ஒட்டியிருந்தது, நடுவில் ஒரு குறிப்பு, காசு கேட்டு. மூன்று வருஷக் கணக்கைக் காகித பில்லைப் பார்த்துத் திரும்பத் தட்டினார்கள்.

விலக்குவது வேறு விஷயம், செய்யலாம், ஆனால் முழு டிரைவ் கூடாது. எந்த ஃபோல்டரால் நேரம் போகிறது என்று தெரிந்துகொண்டு அதை மட்டும். அதற்கு டிஃபெண்டரிலேயே ஒரு அளவி உண்டு. பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து ‘நியூ-எம்பிபெர்ஃபார்மன்ஸ்ரெக்கார்டிங்’ கட்டளையில் பதிவு செய்து, ‘கெட்-எம்பிபெர்ஃபார்மன்ஸ்ரிப்போர்ட்’ கட்டளையில் அதைப் பார்த்தால், எந்த ஃபைலைச் சோதிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பட்டியல் கொடுக்கும். அது தவிர ஈவென்ட் வியூவரில் ‘டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பதிவுக்குள் போனால் 100 என்ற எண்ணுள்ள குறிப்பில் மொத்த பூட் நேரம் மில்லி விநாடியில் இருக்கும், 101 தாமதப்படுத்திய நிரல், 102 டிரைவர், 103 சர்வீஸ். இதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் எந்தக் காலத்திலும் விலக்காதீர்கள். அப்புறம், பெட்டியின் ஃபேனைத் திறந்து பாருங்கள். சிமென்ட் தூசியில் மூச்சுத் திணறி ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தால் டிஃபெண்டரைத் திட்டி என்ன பயன்?

கேள்வி: நீங்கள் சொன்னபடி செய்தேன் தம்பி, பன்னிரண்டு நிமிடம் மூன்றரையாகிவிட்டது. ஆனால் போன புதன்கிழமை மட்டும் மறுபடி எட்டு நிமிடம். பழையபடி ஆரம்பித்துவிட்டதா?
– அதே தேவகோட்டை வாசகி, இதழ் அச்சுக்குப் போகுமுன் வாட்ஸ்அப்பில்

இல்லை ஆச்சி. மைக்ரோசாஃப்ட் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டை இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடும். அங்கே அது காலை, நமக்கு இரவு. நீங்கள் புதன்கிழமை காலை திறக்கும்போதுதான் அது உங்கள் லேப்டாப்பில் இறங்கியிருக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் வேறு. மாசத்தில் அந்த ஒரு புதன் மட்டும் பட்டனை அழுத்திவிட்டு மாவு பிசையப் போங்கள். நடுவில் அணைக்க வேண்டாம்.